தாரா, மண்ணா?

சாகச பைக் வாங்கப் பணம் இருந்தால் போதும். அதற்கு எந்த டயர் என்று முடிவு செய்ய, ஓட்டுபவர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் உண்மை பேச வேண்டியிருக்கிறது. புனேயில் மழைக்காலம் அந்த உண்மையை வரவழைத்துவிடுகிறது.

நானா பேட்டின் அந்தச் சந்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டும். இரு பக்கமும் உதிரிபாகக் கடைகள். செயின், கிளட்ச் பிளேட், சைலன்ஸர் என்று தொங்கும் சரக்குகளுக்கு நடுவே, தரையிலிருந்து கூரைவரை டயர் அடுக்கிய ஒரு கடை. ஜூன் மாதத்துச் சனிக்கிழமை மாலை. பருவத்தின் முதல் பெரிய மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. வாசலில் நிற்கும் 31 வயது மென்பொருள் பொறியாளரிடம் கடைக்காரர் விலை பேசவில்லை. கேள்வி கேட்கிறார்: "போன வருஷம் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீங்க, தாதா? அதில் மண் எத்தனை?"

('தாதா' என்றதும் தமிழ் வாசகர்கள் பதற வேண்டாம். மராத்தியில் அது அண்ணன்.)

பொறியாளர் கணக்குப் போடுகிறார். சொந்த ஊர் கோவில்பட்டி. வேலை ஹிஞ்சவாடியில், வீடு கோத்ருடில். அலுவலகம் போய் வருவதே வருடத்துக்கு எட்டாயிரம் ஆகிவிடுகிறது. ஒரு கோவா பயணம், ஒரு மகாபலேஷ்வர், ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் சில. மொத்தம் பதினோராயிரம் இருக்கும். மண்? "ஒரு ஐந்நூறு..." என்று ஆரம்பித்தவர், கடைக்காரரின் பார்வையைக் கண்டு, "முந்நூறு" என்று இறங்கி வருகிறார். கடைக்காரர் சிரிக்கவில்லை. "நூற்றுக்கு மூணு. அந்த மூணுக்காகப் போன தடவை தொண்ணூற்றேழையும் பணயம் வைச்சீங்க."

அவர் குறிப்பிடும் 'போன தடவை', சென்ற ஆண்டு மே மாதம். பைக் வாங்கி எட்டே மாதம் ஆகியிருந்தது. கம்பெனி பூட்டி அனுப்பிய டயர் பாதிகூடத் தேயவில்லை. அதைக் கழற்றிப் பால்கனியில் போட்டுவிட்டு, ரப்பர் கட்டைகள் புடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு ஜோடி டயரைப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிப் பூட்டினார். நம் ஊர் மெக்கானிக்குகள் 'பட்டன் டயர்' என்று சொல்லும் ரகம். "பார்க்க டக்கார் ராலி வண்டி மாதிரி இருந்துச்சு சார்," என்கிறார். ஜூலையில் தாம்ஹிணி கணவாய் இறக்கம். தூறல். வேகம் நாற்பதுதான். தார் முடிந்து சிமெண்ட் தளம் தொடங்கும் ஒரு வளைவில் பிரேக்கைத் தொட்டதும் முன்சக்கரம் சோப்பைப் போல நழுவியது. எதிரே ஏறி வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் பத்தடி தள்ளி நிறுத்தினார். பொறியாளரின் இடது மணிக்கட்டுக்குள் இப்போது ஓர் எஃகுத் தகடு இருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஊரிலிருக்கும் அம்மாவிடம் சொல்லியிருப்பதால், பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்.

டயர் மீது குற்றமில்லை. மண்ணுக்கென்று பிறந்த டயர் அது. சிமெண்ட் தளத்தில் அதனால் முடிந்ததைத்தான் செய்தது. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அவர்களில் 100க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். இவர்களில் எத்தனை பேர் தவறான டயரால் விழுந்தார்கள் என்று எந்தப் புள்ளிவிவரமும் தனியே பிரித்துச் சொல்வதில்லை. 'சறுக்கி விழுந்தார்' என்பதோடு காவல் நிலையத்துப் பதிவு முடிந்துவிடுகிறது.

இந்தக் கதை புனேயில் நடப்பதில் ஆச்சரியமில்லை. இரு சக்கர வாகனம் என்றாலே இந்த நகரத்துக்கு உறவு. அகுர்டியில் பஜாஜ் ஸ்கூட்டர் தயாராகி, அதற்காக நாடே வருடக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அகுர்டிக்கு வடக்கே சாக்கனில் இருக்கிறது கவனம். ஆஸ்திரியாவின் கேடிஎம் நிறுவனத்தில் 2007இல் பங்கு வாங்கிய பஜாஜ், அதன் சிறிய பைக்குகளை சாக்கனில் தயாரித்து உலகத்துக்கே அனுப்புகிறது. 2020 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 390 அட்வென்சரும் சாக்கன் பிள்ளைதான். அதற்கு நான்கு வருடம் முன்பே நம் பக்கத்து ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனைக் கொண்டுவந்திருந்தது. 2019இல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வந்து, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இளைஞனும் மலையேறலாம் என்றாக்கியது. 2023இல் பிரிட்டனின் டிரையம்ஃப் பெயர் தாங்கிய ஸ்க்ராம்ப்ளர் 400 எக்ஸும் சாக்கனிலிருந்து புறப்பட்டது.

வண்டியும் இங்கே, அதை ஓட்டிப் பார்க்க இடமும் இங்கே. நகரத்தை விட்டு மேற்கே ஒரு மணி நேரம் போனால் சஹ்யாத்ரி மலைத்தொடர். சிம்மகட், ராஜ்கட், தோரணா என்று சிவாஜியின் கோட்டைகள். பான்ஷேத், முல்ஷி, பவனா என்று ஏரிகள். அவற்றைச் சுற்றிக் கிராமத்துப் பாதைகள். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு சாந்தனி சௌக்கில் நின்றால், இருபக்கமும் பெட்டி கட்டிய உயரமான பைக்குகள் அணி அணியாக மேற்கு நோக்கிப் போவதைப் பார்க்கலாம். (இந்தக் கட்டுரையாளர் ஓட்டுவது ஸ்கூட்டர். நின்று பார்க்கத்தான் முடிந்தது.)

இந்த ரக பைக்கின் தலைவலி அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1980இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டியைத்தான் இந்த வம்சத்தின் மூதாதை என்கிறார்கள். 'ஜி' ஜெர்மன் மொழியில் திறந்த நிலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. 'எஸ்' சாலைக்கு. அடுத்த ஆண்டே ஊபேர் ஓரியோல் அந்த ரக வண்டியில் பாரிஸ் - டக்கார் ராலியை வென்றதும், இரண்டையும் ஒரே வண்டியில் செய்யலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியது. வண்டியைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. உயரமான சஸ்பென்ஷன், அகலமான ஹேண்டில்பார், அடியில் தகடு எல்லாமே இரண்டு இடத்திலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத ஒரே பொருள் டயர். அந்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலுள்ள சாய்வுக் கோட்டில் உட்கார்ந்திருப்பது டயர்தான்.

காரணம் எளிது. மோட்டார் சைக்கிள் டயர் ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுக்குத்தான். பிரேக், திருப்பம், வேகம் எல்லாம் அந்த உள்ளங்கை வழியாகத்தான் தரைக்குப் போகின்றன. தார்ச் சாலையில் பிடிப்பு என்பது ரப்பர் தரையோடு ஒட்டி உரசுவதால் வருவது. எவ்வளவு ரப்பர் தொடுகிறது, அது எவ்வளவு மென்மையானது என்பதே கேள்வி. மண்ணில் கதை வேறு. அங்கே ரப்பர் கட்டைகள் மண்ணுக்குள் புதைந்து, மண்ணைப் பின்னால் தள்ளி, வண்டியை முன்னால் நகர்த்த வேண்டும். அதற்குக் கட்டைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும். இடைவெளி கூடினால் தாரைத் தொடும் ரப்பர் குறையும். கால்பந்து வீரரின் ஆணி வைத்த காலணியை மாட்டிக்கொண்டு ஈரமான மொசைக் தரையில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. தாரில் வேகமாகப் போகும்போது உயரமான கட்டைகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் நெளிகிறது. ஹேண்டில்பாரில் மெல்லிய தள்ளாட்டமாக அது கைக்கு வருகிறது. நெளிவதால் சூடு, சூட்டினால் தேய்மானம். ஹைவேயில் அதிகம் ஓடும் பின்பக்கப் பட்டன் டயர் ஐயாயிரம் கிலோமீட்டர் தாண்டினால் அதிர்ஷ்டம் என்கிறார்கள் அனுபவசாலிகள். சாலைக்கான டயர் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கும்.

வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குகளுக்கும் அது கட்டாயம். ஆனால் ஏபிஎஸ் புதிதாகப் பிடிப்பை உண்டாக்குவதில்லை. டயரிடம் இருக்கும் பிடிப்பைச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் செலவழிக்கிறது, அவ்வளவே. தாம்ஹிணியில் விழுந்த பொறியாளரின் வண்டியிலும் அது இருந்தது. அதிலும் சாகச பைக்குகளில் மண்ணுக்கென்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் பின்சக்கர ஏபிஎஸ் ஓய்வெடுத்துக்கொள்ளும். அழுத்தியதை மறந்து தாரில் ஏறுபவர்களும் இருக்கிறார்கள்.

மண் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். புனேயைச் சுற்றி அது மூன்று நான்கு வேஷம் போடுகிறது. நகரத்துக்குக் கிழக்கே, சோலாப்பூர் திசையில், கரிசல். எரிமலைக் குழம்பு உறைந்த தக்காணப் பாறை மக்கி உண்டானது. கோவில்பட்டிக்காரருக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பிப் பசையாகும். கரிசலில் மழை பெய்த மறுநாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுதான் ஊர் வழக்கம். அந்தச் சேற்றில் பட்டன் டயரும் பத்தே சுற்றில் மொட்டை டயராகிவிடும். கட்டைகளுக்கு இடையே சேறு அடைத்துக்கொண்டு கழன்று விழ மறுக்கும். சற்று நேரத்தில் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சுவர் எழும்பி, சக்கரமே நின்றுவிடும். இங்கே உதவுவது டயர் அல்ல, காத்திருக்கும் பொறுமை. "ரெண்டு நாள் காயட்டும்னு எங்க தாத்தா மாட்டு வண்டியையே எடுக்க மாட்டார்," என்கிறார் பொறியாளர்.

மேற்கே மலையேறினால் செந்நிற லாட்டரைட் மண், உருண்டைச் சரளை, கருங்கல் துண்டுகள். இங்கேதான் பட்டன் டயர் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. தளர்ந்த சரளையில் ஏறும்போது கட்டைகளின் ஓரங்கள் கல்லைக் கவ்வுகின்றன. பக்கச் சுவர் கனமாக இருப்பதால் கூர்மையான கல்லும் எளிதில் கிழிப்பதில்லை. வழவழப்பான சாலை டயரோடு இதே இடத்தில் ஏறியவர்கள் பாதி தூரம் காலால் உந்தித்தான் வண்டியை மேலே கொண்டுபோக முடிகிறது. பட்டன் டயரே வீண் பகட்டு என்று சொல்பவர்கள் ஒரு முறை ராஜ்கட் அடிவாரத்துப் பாதைகளில் செப்டம்பர் மாதம் போய் வர வேண்டும்.

நான்காவது வேஷம் மண்ணே அல்ல. அதுதான் ஆபத்தானது. புனே நகரில் வருடத்துக்கு ஏறக்குறைய 750 மில்லிமீட்டர் மழை. அறுபது கிலோமீட்டர் தள்ளி, தாம்ஹிணியில் அது 5,000ஐத் தாண்டுகிறது. நான்கு மாதம் விடாமல் நனையும் சிமெண்ட் தளத்தில் பச்சையும் கறுப்புமாகப் பாசி படர்கிறது. மலைக் கிராமங்களின் உள்சாலைகள் பலவும் இப்போது சிமெண்ட். கட்டைகள் கவ்வ அங்கே ஒன்றுமில்லை. மென்மையான ரப்பர், அதிகமாகத் தரையைத் தொடுவது, நீரை வெளியேற்றும் வரிப்பள்ளம், இவை மூன்றும்தான் ஆளை நிமிர்ந்து நிற்க வைக்கும். அழகு பார்த்துப் பட்டன் டயர் போடுபவர்கள் அதைப் பூட்டுவது பெரும்பாலும் மழைக்கு முன்னால், மே மாதத்தில். பருவம் மண்ணைச் சேறாக்கப் போகிறது என்று நினைத்துச் செய்கிறார்கள். அது சாலையையும்தான் வழுக்கலாக்குகிறது.

சங்கப் பாடல்களின் தலைவன் மழை பெய்து நெகிழ்ந்த முல்லை நிலத்தில் தேரை விரட்டுகிறான். ஈர மண்ணைச் சக்கரம் கிழித்துப் போகிறது. அவனுக்குத் தார்ச் சாலை இல்லை, அலுவலகம் இல்லை, ஒரே நிலத்துக்கு ஒரே சக்கரம். நம் ஆட்களுக்கு அந்த வசதி கிடையாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு ரகம் இருக்கிறது. கடையில் கேட்டால் '50-50', '70-30', '80-20' என்பார்கள். முதல் எண் சாலைக்கு, இரண்டாவது மண்ணுக்கு. கேட்க அறிவியல் போல இருந்தாலும், இந்த விகிதத்தை அளந்து சான்று தரும் பொதுவான சோதனை எதுவும் கிடையாது. தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் மார்க் அது. ஒருவரின் 70-30 இன்னொருவரின் 50-50ஆக இருக்கலாம். டயரைக் கண்ணால் பார்ப்பது அதைவிட நம்பகமானது: நடுப்பகுதியில் கட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஏறக்குறைய தொடர்ச்சியான பட்டையாக ஓடினால் அது சாலை பக்கம் சாய்ந்தது. கட்டைகளுக்கு நடுவே கட்டைவிரல் தாராளமாக நுழைந்தால் அது மண் பக்கம்.

பக்கச் சுவரில் இருக்கும் எழுத்துகள் பலர் கண்ணில் படுவதே இல்லை. 90/90-21 என்றால் அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அகலத்தில் 90 சதவீதம், ரிம் 21 அங்குலம். அடுத்து வரும் 54 என்ற எண் எடைக் குறியீடு. 212 கிலோ தாங்கும் என்று பொருள். அதன் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து வேக வரம்பைச் சொல்கிறது. 'கியூ' என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், 'எஸ்' என்றால் 180, 'ஹெச்' என்றால் 210. கடைசியாக நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள். 0924 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 9ஆவது வாரம் பிறந்த டயர். ரப்பர் கடையில் தூங்கினாலும் வயதாகிறது. தள்ளுபடி விலையில் கிடைக்கும் அருமையான வெளிநாட்டு டயரின் ரகசியம் சில சமயம் இந்த நான்கு இலக்கங்களில் இருக்கும்.

சக்கர அளவிலும் ஒரு சண்டை ஓய்ந்தபாடில்லை. பெரிய முன்சக்கரம் கல்லையும் குழியையும் சுலபமாக ஏறிக் கடக்கும். ஹிமாலயனும் எக்ஸ்பல்ஸும் ஆரம்பத்திலிருந்தே முன்னால் 21 அங்குலம். 2020இன் 390 அட்வென்சர் 19 அங்குல அலாய் சக்கரத்தோடு வந்தது. தார்ச் சாலையில் வளைவுகளில் விறுவிறுப்பாகத் திரும்ப அது வசதி. ஆனால் கல்லில் மோதினால் வார்ப்பு அலாய் வெடிக்கலாம், ஸ்போக்ஸ் சக்கரம் வளைவதோடு நிற்கும் என்று மண் பிரியர்கள் முணுமுணுத்தார்கள். 2023இல் ஸ்போக்ஸ் சக்கரம் வந்தது. 2025இல் வெளியான புதிய 390 அட்வென்சருக்கு முன்னால் 21 அங்குலம். கூடவே 19 அங்குல அலாயோடு 'எக்ஸ்' என்றொரு மலிவான தம்பி. அலுவலகம் போகிறவருக்கு ஒன்று, மலையேறுகிறவருக்கு ஒன்று என்று கம்பெனியே பிரித்துக் கொடுத்துவிட்டது. அலுவலகம் போகிறவர்கள் எதை வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஸ்போக்ஸ் வந்தால் பெரும்பாலும் டியூப் வரும். ஸ்போக்ஸ் நுழையும் துளைகள் வழியே காற்று கசியும் என்பதால் ட்யூப்லெஸ் வழக்கமான ஸ்போக்ஸ் ரிம்மில் சாத்தியமில்லை. ஆணி குத்தினால் ட்யூப்லெஸ்ஸில் ஐந்து நிமிடத்தில் ரப்பர் திரி செருகி நடையைக் கட்டலாம். டியூப் என்றால் சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, நகத்தைப் பெயர்த்துக்கொள்ள வேண்டும். காற்று கசியாதபடி செய்த ஸ்போக்ஸ் சக்கரத்தை ஹிமாலயன் 450க்கு 2024இல் ராயல் என்ஃபீல்டு தனி விலைக்குக் கொடுக்க ஆரம்பித்தபோது, பலரும் டயரைவிட முன்னுரிமை கொடுத்து வாங்கியது அதைத்தான்.

காசு செலவில்லாமல் டயரை மாற்றும் வழியும் ஒன்று உண்டு. முல்ஷி ஏரிக்கரையில் புதியவர்களுக்கு மண் ஓட்டப் பயிற்சி தரும் ஒரு பெண்மணி, வகுப்பின் முதல் அரை மணி நேரம் யாரையும் வண்டியில் ஏறவிடுவதில்லை. எல்லோரும் குந்தி உட்கார்ந்து காற்றை இறக்குகிறார்கள். சாலையில் 30 பிஎஸ்ஐக்கு அருகில் இருக்கும் காற்றை மண்ணுக்கு 22 வரை குறைத்தால், டயர் தொளதொளத்துத் தரையைக் கூடுதலாகத் தொடுகிறது, கல்லுக்கேற்ப மடிகிறது. "இதைச் செய்து பார்த்தபின் பாதிப் பேர் புது டயர் வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுகிறார்கள்," என்கிறார். அதிலும் எச்சரிக்கை தேவை. அளவுக்கு மீறி இறக்கினால் கல் நேராக ரிம்மில் இடிக்கும். டியூப் டயர் என்றால் ரிம்முக்குள் டயர் நழுவிச் சுற்றி, வால்வைப் பிய்த்துவிடும். மண்ணிலிருந்து தாருக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்று நிரப்ப வேண்டும். அவருடைய பையில் சைக்கிள் பம்ப் அளவுக்கு ஒரு சிறிய பம்ப் எப்போதும் இருக்கிறது. மாணவர்களில் அதை வாங்கியவர்கள் குறைவு. பட்டன் டயர் வாங்கியவர்கள் அதிகம்.

அரசு என்ன சொல்கிறது? கடைக்காரரின் நானா பேட்டிலிருந்து மேற்கே சில கிலோமீட்டரில், கோத்ருடின் வேதாள் குன்றில், 1966இல் தொடங்கிய இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. நாட்டின் வாகனத் தர விதிகளை வெளியிடும் இடம். அவற்றில் ஏஐஎஸ் 142 என்ற விதி, டயர் ஈரத் தரையில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்குக் குறைந்தபட்ச அளவு வைக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து புதிய வடிவமைப்புகளுக்கு அது அமலுக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் அது கார், பஸ், லாரி டயர்களுக்கு. இரு சக்கர டயர் அதன் வரம்புக்குள் இல்லை. ஐரோப்பாவில் டயரில் ஒட்டும் ஈரப்பிடிப்பு முத்திரையும் மோட்டார் சைக்கிளுக்குக் கிடையாது. நான்கு சக்கரத்தில் நிலையாக நிற்பவருக்கு அளந்து சொல்கிறார்கள். இரண்டு சக்கரத்தில் சாய்ந்து போகிறவர் தானே தெரிந்துகொள்ள வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இரு சக்கர டயருக்கும் கட்டாயம்தான். அது டயர் உறுதியாக இருப்பதைச் சொல்லும். பாசி படர்ந்த சிமெண்ட்டில் உங்கள் பட்டன் டயர் எத்தனை அடியில் நிற்கும் என்று சொல்லாது.

வாங்கக்கூடிய டயர்களின் பட்டியலை மாற்றியதும் அரசுதான். 2020 ஜூன் 12 அன்று வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் டயர் இறக்குமதியைத் 'தடையற்றது' என்பதிலிருந்து 'கட்டுப்படுத்தப்பட்டது' என்ற பட்டியலுக்கு மாற்றியது. மோட்டார் சைக்கிள் டயரும் அதில் அடக்கம். இனி உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. பிரெல்லி, மெட்ஸலர், மிஷலின் என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். "ஒரு பின் டயருக்காக ஒருத்தர் நாக்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்," என்று நினைவுகூர்கிறார் நானா பேட் கடைக்காரர்.

அந்தக் காலி இடத்தில் உள்நாட்டு டயர்கள் வந்து உட்கார்ந்தன. ஹிமாலயனுக்கு முதலிலிருந்தே டயர் கொடுத்துவந்த சியட்டின் இரு சக்கர டயர் ஆலை இதே மகாராஷ்டிரத்தில், நாக்பூருக்கு அருகே இருக்கிறது. அப்போலோவும் சாகச ரகத்தில் இறங்கியது. தமிழர்கள் தோளை நிமிர்த்திக்கொள்ளவும் இடமிருக்கிறது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து ஆரம்பித்த எம்ஆர்எஃப் இந்த அலமாரியில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. மதுரை - மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா, யூரோகிரிப் என்ற பெயரில் மீதியில் ஒரு பங்கைப் பிடித்திருக்கிறது. கட்டுப்பாட்டால் விலை ஏறியது என்று புகார் சொல்பவர்கள் சொல்லட்டும். ஐந்து வருடம் முன்பு இந்திய வண்டிக்கு நடுத்தர ரகத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றிரண்டு பெயர்தான் இருந்தது. இன்று கடைக்காரர் எட்டு பத்து டயரைத் தரையில் பரப்பி வைக்கிறார்.

பரப்பி வைத்தாலும் கண் போவது ஒரே பக்கம்தான். 2024 ஜனவரியில் பாலேவாடி விளையாட்டரங்கில் இந்திய சூப்பர்கிராஸ் லீகின் முதல் சுற்று நடந்தது. வண்டிகள் மண் மேட்டிலிருந்து வானத்தில் பறந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அடுத்த வாரமே அந்த மாதிரி டயர் கேட்டார்கள் என்கிறார் கடைக்காரர். அந்த மைதானத்து டயர்கள் சாலையில் ஓட்டுவதற்கே ஆனவை அல்ல. லடாக் கனவு இன்னொரு காரணம். புனேயிலிருந்து லே ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். அதில் கல்லும் நீரோடையுமாக இருப்பது கடைசியில் சில நூறு. மீதி முழுக்க ராஜஸ்தான் வெயிலும் பஞ்சாப் ஹைவேயும். பட்டன் டயரோடு புறப்பட்டால், அது தேவைப்படும் இடம் வரும்போது பாதி தேய்ந்திருக்கும்.

விவரம் தெரிந்தவர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. முன்னால் பாதிக்குப் பாதி ரகம், பின்னால் சாலை ரகம் என்று கலந்து பூட்டுகிறார்கள் சிலர். மண்ணில் திசையைத் தீர்மானிப்பது முன்சக்கரம், சீக்கிரம் தேய்வது பின்சக்கரம் என்பது அவர்கள் வாதம். ஈரத் தாரில் பிரேக்கின் பெரும் பங்கைச் சுமப்பதும் முன்சக்கரம்தானே என்று மறுக்கிறார்கள் மற்றவர்கள். முல்ஷி பயிற்சியாளர் இரண்டாவது கட்சி. தாம்ஹிணிக்குப் பிறகு நம் பொறியாளரும் அதே கட்சி.

வாசலில் பேரம் முடிந்திருக்கிறது. பொறியாளர் எடுத்திருப்பது 80-20 ரகம், உள்நாட்டு டயர். இருந்தும் கண் இரண்டு முறை மேல் அடுக்குக்குப் போய்த் திரும்பியதைக் கவனிக்க முடிந்தது. பால்கனியில் கிடக்கும் பட்டன் டயர்களை என்ன செய்வது என்று கேட்கிறார். "அக்டோபரில் கொண்டுவாங்க, மாட்டித் தர்றேன். மார்ச்சில் கழட்டிடலாம்," என்கிறார் கடைக்காரர். கூலி ஒவ்வொரு தடவையும் தனி என்று சேர்த்துக்கொள்கிறார். பையன் ஒருவன் இரும்பு நெம்புகோலால் பழைய டயரை உரித்து எடுக்கிறான். பொறியாளர் புது டயரின் பக்கத்தில் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தில் நான்கு இலக்கங்களைத் தேடிப் படித்து, பில்லில் எழுதித் தரச் சொல்கிறார். கடைக்காரர் அலுத்துக்கொண்டே எழுதுகிறார். புது ரப்பரின் மேல்பூச்சு போகும்வரை, முதல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு வண்டியை ரொம்பச் சாய்க்க வேண்டாம் என்கிறார்.

மறுபடியும் தூறல் ஆரம்பிக்கிறது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்ட பொறியாளரிடம், மறுபடி தாம்ஹிணி போவீர்களா என்று கேட்டோம். "ஆகஸ்ட்டில் சார். அருவியெல்லாம் அப்பதான் நல்லா இருக்கும்," என்கிறார். கிளம்பியவர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறார். "கோவில்பட்டிப் பக்கம் யாருக்காவது இந்தப் பத்திரிகை போகுமா சார்?"